சதவீதம் மேடத்தின் காய்மகாரம்

படிவக் கட்டின் கயிற்றை அவிழ்த்ததும் சதவீதம் மேடம் முதல் பக்கத்தைப் பார்ப்பதில்லை. கட்டை அப்படியே குப்புறக் கவிழ்த்து, கடைசிக் கேள்வியிலிருந்துதான் ஆரம்பிப்பார். படிப்பு முடிந்து கல்லூரியை விட்டுப் போகிற மாணவிகள் பெயர் போடாமல் நிரப்பித் தரும் படிவம் அது. மொத்தம் இருபது கேள்விகள். கடைசிக் கேள்வி, 'உங்களை மாற்றிய ஆசிரியர் யார்?' மேடம் விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் புரட்டுவார். நாலாவது தாளிலோ ஐந்தாவது தாளிலோ அந்தப் பெயர் வந்துவிடும். "வந்துட்டாங்கய்யா மகராசி" என்று வாய்விட்டுச் சொல்வார், அறையில் வேறு யாரும் இல்லாவிட்டாலும்.

மகராசி என்று அவர் சொல்வது எதிர் அறையில் இருக்கும் கேள்வி சிஸ்டரை.

கன்னியர் சபை நடத்தும் பெண்கள் கல்லூரி. மேடம் அங்கே இருபத்திரண்டு வருடமாகப் புள்ளியியல் நடத்துகிறார். பதினோரு வருடமாகத் தர மதிப்பீட்டுப் பிரிவும் அவர் தலையில்தான். நூலகத்தில் எத்தனை நாற்காலிக்குக் கால் ஆடுகிறது, போன வருடம் எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள், சிற்றாலயத்தில் எத்தனை விளக்கு எரியவில்லை, எல்லாம் விரல்நுனியில். மழை வருமா என்று கேட்டால் வானத்தைப் பார்த்துவிட்டு "அறுபது சதவீதம்" என்பார். வீட்டில் கணவர் சமைத்துப் போட்டுவிட்டு, சாப்பாடு எப்படி என்று கேட்டால் "எழுபத்திரெண்டு". அந்த மனிதரும் பாவம், முதல் வகுப்பில் தேறியவர்போல உள்ளே போவார். "தரம்னா ஆதாரம். ஆதாரம் இல்லாத தரம் வெறும் பேச்சு" என்பது மேடத்தின் வேதவாக்கு.

கல்லூரி முதல் தரம் வாங்கியபோது எடுத்த புகைப்படம் தாழ்வாரத்தில் மாட்டியிருக்கிறது. நானூறு பக்க அறிக்கையை ஒற்றை ஆளாக எழுதிய மேடம் அதில் ஓரத்தில் நிற்கிறார். இடது தோளைச் சட்டம் தின்றுவிட்டது. நடுநாயகமாக, கையில் சாக்பீஸ் டப்பாவோடு, கேள்வி சிஸ்டர். "அந்தம்மா சாக்பீஸ் தேடி அந்தப் பக்கமா வந்தாங்க. பிடிச்சு நடுவுல நிறுத்திட்டாங்க. கரையான் புத்தெடுக்க கருநாகம் குடிபுகுந்த கதை" என்பார் மேடம். புதிதாகச் சேருகிற ஆசிரியைகள் எல்லோருக்கும் முதல் வாரத்திலேயே இந்தக் கதை கிடைத்துவிடும்.

சிஸ்டர் நன்னெறி வகுப்பு எடுப்பவர். பருவம் முழுவதற்கும் ஒரே ஒரு கேள்விதான் வைத்திருப்பார். போன பருவத்துக் கேள்வி, 'நீ எதுக்குப் பயப்படுற?' பாடத்திட்டக் குறிப்பேட்டில், மற்றவர்கள் பன்னிரண்டு பக்கம் எழுதுகிற இடத்தில், 'பிள்ளைகள் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒரே வரி. முதல்வர் மதர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். "இதையே நான் எழுதினா மெமோ வரும். அவங்க எழுதினா அருள்வாக்கு. நாமெல்லாம் பொதுநிலையினர்தானே!" துறவறம் பூணாதவர்களைச் சபை அழைக்கும் அந்தக் கடைசிச் சொல்லை மேடம் உதட்டைப் பிதுக்காமல் சொல்லி யாரும் கேட்டதில்லை.

சிஸ்டரின் அறை வாசலில் ஒரு மரப் பெஞ்சு. அது காலியாக இருந்து மேடம் பார்த்ததில்லை. தன் அறைக் கதவை நாலு விரல் அளவு திறந்துவைத்துக்கொண்டு எண்ணுவார். "இன்னைக்குப் பதினொண்ணு. அதுல நாலு அழுதுச்சு." வயிறு எரியும். "அவங்களுக்கென்ன, மணியடிச்சா சாப்பாடு. சமையலா, துணியா, புருஷனா? எனக்கும் அப்படி வாய்ச்சா உட்கார்ந்து ஊரார் கண்ணீரையெல்லாம் நானும்தான் கேப்பேன்." ஒருமுறை அதே தச்சரைப் பிடித்து, அதே மாதிரி பெஞ்சு செய்து, மேலே மெத்தையும் தைத்துத் தன் வாசலில் போட்டார். மூன்றாம் நாள் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். மேடம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, குரலைக் குழைத்து, "என்னம்மா, சொல்லு" என்றார். "ஒண்ணுமில்ல மேடம், அந்தப் பெஞ்சு நிறைஞ்சிடுச்சு. அதான்."

இது பாவம் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. தலையான பாவங்கள் ஏழில் காய்மகாரமும், அதாவது பொறாமையும், ஒன்று என்று சிறுவயதில் மனப்பாடம் செய்தவர்தான். மாதாமாதம் பாவசங்கீர்த்தனத்தில் முழந்தாளிட்டு ஒளிக்காமல் சொல்லிவிடுவார். "காய்மகாரம், ஃபாதர். போன மாசத்துக்கு இந்த மாசம் ஒரு பத்து சதவீதம் குறைஞ்சிருக்கு." ஃபாதர் இருக்கும் வலைத்தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஒருமுறை இருமல் வந்தது, சிரிப்பை அடக்கிய இருமல்.

இந்த வருடம் அறிக்கையைச் சபையின் தலைமையகம் திருப்பி அனுப்பிவிட்டது. மேலே ஒரு துண்டுச்சீட்டு: 'தரம் தெரிகிறது. நோக்கம் எங்கே?' மேடத்துக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நோக்கம் என்ற அத்தியாயத்தை எப்போதும் பழைய அறிக்கையிலிருந்து அப்படியே எடுத்துப் போடுவதுதான் வழக்கம். அன்பு, அறிவு, சேவை என்று மூன்று சொல், பாக்கியெல்லாம் அலங்காரம். மதர் அப்போதுதான் வந்திருந்த, மேடம் இன்னும் பிரிக்காத படிவக் கட்டை வாங்கிக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்து ஒரே ஒரு தாளோடு வந்தார்.

"நீங்க போடுற அத்தனை அட்டவணையும் இருக்கட்டும், மேடம். முதல் பக்கத்துல இந்தப் பொண்ணு எழுதினதை ஒரு எழுத்து மாத்தாம போட்டுடுங்க. நாம எதுக்குக் காலேஜ் நடத்துறோம்னு கேட்டா இதுதான் பதில். ஊரான் பிள்ளைய ஊட்டி வளர்க்கிறதுன்னா இதுதான்."

மேடம் வழக்கம்போலக் கடைசிக் கேள்விக்குப் போனார். அங்கே எழுதியிருந்தது இது:

'இரண்டாம் ஆண்டில் படிப்பை விட்டுவிட நினைத்தேன். புள்ளியியல் எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லக்கூடாத வீடு எங்களுடையது. வியாழக்கிழமை மூன்றாம் பாடவேளையில் மட்டும் சிஸ்டர் அறைக்குப் போவேன். "எனக்கும் இந்தக் கணக்கெல்லாம் தெரியாது, நீ படிச்சிட்டு வந்து எனக்குச் சொல்லிக் கொடு" என்றார். சொல்லிக் கொடுத்தேன். தப்பாகச் சொன்னால் எனக்கே தெரிந்துவிடும், அவர் முகம் அப்படிக் குழம்பும். இப்போது சிஸ்டர் திட்ட விலக்கக் கணக்கைத் தனியாகவே போடுவார். என்னை மாற்றியவர் அவர்.'

எழுத்து இடதுபக்கம் சாய்ந்திருந்தது. அந்தச் சாய்வை நிமிர்த்த, ஐந்து வயதில் அந்தக் கையைப் பிடித்து மேடம் எவ்வளவோ பாடுபட்டிருக்கிறார். வியாழன் மூன்றாம் பாடவேளை மேடத்துக்கு மேல்மாடியில் வகுப்பு. இதே கல்லூரியில் இந்த வருடம் படிப்பை முடித்த பெற்ற மகள் தன் தாயின் கால அட்டவணையைப் பார்த்து நேரம் குறித்திருக்கிறாள். இரண்டாம் ஆண்டில் மகளின் மதிப்பெண் ஏறியபோது, "எல்லாம் நான் போட்டுக் கொடுத்த டைம்டேபிள்" என்று ஆசிரியர் அறை முழுக்க இனிப்புக் கொடுத்தவர் மேடம். அந்த இனிப்பில் சிஸ்டரும் ஒன்று எடுத்துக்கொண்டு, "ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லவில்லை. மேடத்துக்கு இப்போது அதுதான் அதிகமாக எரிந்தது. புகைப்படத்தை எடுத்துக்கொள்ளட்டும், பெஞ்சை எடுத்துக்கொள்ளட்டும். இதையுமா?

அப்போதுதான் பதினேழாவது கேள்வி கண்ணில் பட்டது. விடை எழுதவில்லை, வெறும் கோடு. ஒரு கேள்வி விட்டுப்போனாலும் அந்தப் படிவம் செல்லாது. மேடமே போட்ட விதி, பதினோரு வருடத்தில் ஒரு தாளுக்கும் விலக்குக் கொடுத்ததில்லை. மதரிடம் போய், "மன்னிக்கணும் மதர், இது கணக்குல வராது" என்று ஒரு வரி சொன்னால் போதும். மனசு துள்ளியது. துள்ளியதற்காக வெட்கமும் வந்தது, ஆனாலும் துள்ளியது. தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

சாப்பிடும்போது மகளிடம் சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டார். "ஃபார்ம் எல்லாம் நிரப்பிக் குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சும்மா."

"ஒண்ணு விடாம?"

மகள் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். ஒளித்துப் பயனில்லை என்று அவளுக்கும் புரிந்துவிட்டது.

"ஒண்ணு விட்டேன். பொய் எழுத மனசு வரலம்மா. உண்மைய எழுதினா, நீதான படிப்ப?"

கணவர் தண்ணீர் எடுக்கிற சாக்கில் எழுந்து உள்ளே போனார். மேடம் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தார்.

மறுநாள் முதல் மணி அடிக்கும் முன்பே அறைக்கு வந்துவிட்டார். எதிரே பெஞ்சில் அதற்குள் இரண்டு பேர். உள்ளே சிஸ்டரின் குரல், யாரையோ எதையோ கேட்டுக்கொண்டிருந்தது. என்றைக்கும்போல எரிந்தது. மேடம் தாளை மேஜையில் விரித்து, பதினேழாவது கேள்வியை முழுவதும் படித்தார். 'படிப்பில் சிரமம் வந்தபோது வீட்டில் யாரிடம் மனம்விட்டுப் பேசினீர்கள்?' பேனாவைத் திறந்தார். காலியாகக் கிடந்த கோட்டின் மேல், எழுத்துகளை இடதுபக்கமாகச் சாய்த்து, 'யாரிடமும் இல்லை' என்று எழுதி, தாளை டைப் அடிக்கக் கொடுக்கும் கட்டின் மேலே வைத்தார்.