கால் அக்கா சொல்லாத களிம்பு

பலருக்கு அவர் பெயர் தெரியாது. கால் அக்கா என்றால் தெரியும். அரசு மருத்துவமனையில் சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்குக் கட்டுப் போடும் செவிலியர் அவர். விரலில் சின்னக் கொப்புளம் இருக்கும்போதே வரவேண்டியவர்கள் பாதம் கறுத்த பிறகு வந்து நிற்பதைப் பார்த்துப் பார்த்து மனம் கசந்துதான் வீடியோ போட ஆரம்பித்தார். வீட்டுச் சாப்பாட்டு மேசையருகே உட்கார்ந்து, தன் காலையே மடக்கி, கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்ப்பது எப்படி என்று காட்டுவார். செருப்பை மாட்டுவதற்கு முன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்கச் சொல்வார். லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் போனில் படம் பிடிப்பார். கணவரின் தங்கை அதை வெட்டி ஒட்டி, அடியில் எழுத்துப் போட்டு ஏற்றிவிடுவாள்.

"மூஞ்சியைக் காட்டிப் பேர் வாங்கினவங்க ஆயிரம் பேர் இருக்காங்க. காலைக் காட்டி வாங்கினது நீங்கதான் அண்ணி" என்று கிண்டல் வேறு செய்வாள்.

ஒரு நாள் லாரி ஓட்டுநர் ஒருவரை அவர் மகள் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். சுற்றியிருந்த துணியைப் பிரித்ததும் நாற்றம் அறை முழுக்கப் பரவியது. புண்மேல் பச்சையாக என்னவோ அப்பியிருந்தது.

"இது என்னதுங்க?"

"தெரியாத மாதிரி கேக்கறீங்களே சிஸ்டர்! நீங்க சொன்ன களிம்புதான்" என்றார் ஓட்டுநர்.

மகள் போனை நீட்டினாள். திரையில் கால் அக்காவின் முகம், அவருடைய குரல், அவர் வீட்டு மேசை. "கட்டும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். இந்தக் களிம்பு ஒண்ணு போதும்" என்று அந்த முகம் சொன்னது.

"இது நான் இல்லீங்க. நான் இப்படிச் சொல்லவே இல்ல."

ஓட்டுநர் திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அதுல கொஞ்சம் சிரிச்ச முகமா இருந்தீங்க" என்றார். நம்பவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

விஷயம் கண்காணிப்பாளர் காதுக்குப் போனது. அவர் திட்டவில்லை. "களிம்பு வித்த காசுல உங்க பங்கு எவ்வளவுன்னு மேல இருந்து கேக்கறாங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம். அன்று முதல் கால் அக்கா செவிலியர் ஓய்வறைக்குள் நுழைந்தால் பேச்சு சட்டென்று நிற்கும்.

மற்றவர்கள் தன்னைப் பார்த்த அதே கண்ணால் அவரும் தன் வீட்டாரைப் பார்க்கத் தொடங்கினார். படம் பிடித்ததெல்லாம் யாரிடம் இருக்கிறது? நாத்தனாரிடம். அவளும் போன் வழியாக முகத்துக்குப் பூசும் கிரீம் விற்கிறவள்தான். கணவரிடம் கேட்கவும் வாய் வரவில்லை. அவரும் உடந்தையோ என்று ஒரு நினைப்பு வந்து வந்து போனது.

அடுத்த முறை நாத்தனார் வந்தபோது, அவள் பின்கட்டுக்குப் போன நேரம் பார்த்து அவள் பையைத் திறந்தார். சீப்பு, சார்ஜர், கிரீம் டப்பாக்கள். பச்சைக் களிம்பு இல்லை.

"என்ன தேடறீங்க அண்ணி?"

நாத்தனார் பின்கட்டு வாசற்படியில் நின்றிருந்தாள். கேட்டுவிட்டு, அவளே புரிந்துகொண்டாள். முகம் சுண்டிப்போயிற்று. போனை எடுத்து அந்தக் களிம்பு வீடியோவை ஓட்டினாள்.

"அடியில ஒரு மஞ்சப் பட்டை போட்டிருக்கான், பாருங்க. எதுக்கு? நான் போட்ட எழுத்தை மறைக்க. எழுத்தே இல்லாத படம் என்கிட்ட கிடக்கு. நானே செஞ்சிருந்தா எதை மறைக்கப் போறேன்? நாம ஏத்தினதை வெளியில இருந்து எடுத்து, கம்ப்யூட்டர்ல உங்க வாயையும் பேச்சையும் மாத்தியிருக்கான்."

"தப்பு பண்ணிட்டேன்டி."

"ம்" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வீடியோவில் இருந்த எண்ணை அழைத்தார். எடுத்தவன் படு மரியாதையாகப் பேசினான். "கால் அக்காவே சொல்ற களிம்புங்க. கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்."

"நான்தான்யா கால் அக்கா பேசறேன்."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "இன்னைக்கு நீங்க ரெண்டாவது கால் அக்கா. எத்தனை டப்பா வேணும், சொல்லுங்க."

காவல் நிலையத்தில் புகார் கொடுத்த பிறகு களிம்பு விற்ற அந்த இணையப் பக்கம் காணாமல் போனது. கொஞ்ச நாளில் வேறு பெயரில் வேறொன்று முளைத்தது. "அது நான் இல்லை" என்று அவர் போட்ட வீடியோவின் கீழேயே, "இது மட்டும் நீங்கன்னு எப்படி நம்பறது?" என்று ஒருவர் எழுதியிருந்தார். மருத்துவமனை விசாரணையில் அவர்மேல் குற்றமில்லை என்று ஆயிற்று. இனி பேசுவதானால் மருத்துவர் பார்த்துச் சரி சொன்ன பிறகு, மருத்துவமனையின் இணையப் பக்கத்தில்தான் போடவேண்டும் என்றார்கள். சரி என்றார். நாத்தனார் வருவது குறைந்துபோனது.

ஓட்டுநருக்கு இரண்டு விரல்களை எடுக்க வேண்டியிருந்தது, பாதம் பிழைத்தது. வீட்டுக்குப் போகும் நாளன்று கட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது, மகள் மெல்லப் போனைத் தூக்கினாள். கால் அக்காவின் கை அப்படியே நின்றது.

"எதுக்கும்மா எடுக்கறே?"

"வீட்டுல நான்தானே கட்டணும் அக்கா. மறந்துடுவேன்."

கையிலிருந்த கட்டுத்துணியைக் கீழே வைத்தார். பிறகு நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்தி, காலில் வெளிச்சம் விழும்படி திருப்பி வைத்தார்.

"கிட்ட வா. முதல்ல கையைக் கழுவறதுல இருந்து எடு."