முதலாளியின் முட்டையோடு மோதிய ஞாயிறு

முட்டையின் கூர்ப்பக்கத்தை உள்ளங்கைக்குள் மறைத்து, சுலபமாக உடையும் மொட்டைப்பக்கத்தை முதலாளிக்கு நீட்டுவது என்ற முடிவை நான் எடுத்தது 401 நெடுஞ்சாலையின் நடு லேனில். எங்கள் வீடிருந்த மில்லிக்கனில் தொடங்கிய ஆலோசனை, முதலாளியின் வீடிருந்த மிசிசாகா எல்லையில்தான் நிறைவுபெற்றது. பக்கத்தில் இருந்த மனைவி சுமதி ஆட்சேபிக்கவில்லை. ஆகவே தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

அப்போது நான் குசினி அலுமாரி செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் தற்காலிகமாக வேலை செய்தேன். பலகைகளைப் பார்த்துத் தரம் பிரிப்பது என் வேலை. முதலாளி வசிலே ருமேனியாக்காரர். யாழ்ப்பாணத்தில் எங்கள் குடும்பம் மரம் அரிந்து விற்கும் மரக்காலை வைத்திருந்தது என்றும், தொட்டாலே என்ன மரமென்று சொல்லிவிடுவேன் என்றும் இன்ரவியூவில் அவரிடம் சொல்லியிருந்தேன்.

வேலை நிரந்தரமா இல்லையா என்பதை ஈஸ்டருக்கு அடுத்த நாள், திங்கட்கிழமை சொல்வதாக வசிலே சொன்னார். அதே மூச்சில், ஞாயிறு மதியம் வீட்டுக்குச் சாப்பிட வரும்படியும் சொன்னார். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று நம்ப நான் எவ்வளவோ முயன்றேன்...

சுமதிக்கு அப்போது ஏழு மாதம்.

ஈஸ்டரன்று ருமேனியாக்காரர்கள் சிவப்பு முட்டைகளை ஒன்றோடொன்று மோதுவார்கள். உடையாத முட்டைக்காரருக்கு அந்த வருடம் முழுக்க நல்ல சுகம். இதை எனக்கு விளக்கியவர் பட்டறையில் மூத்தவரான ரவி அண்ணை.

"மனிசன் உதில தோத்ததே இல்லையடா. ஒரே ஒருக்கா, எங்களோட நிண்ட பெடியன் ஒருத்தன் வெண்டவன்."

"பிறகு?"

"இப்ப விட்பியில வெயாஹவுஸ் ஒண்டில பெட்டி தூக்குறான்."

"அதுக்காகவே அண்ணை, முதலாளி வேலையால கலைச்சவர்?"

"அது எனக்குத் தெரியாது. வெண்டவன், அவ்வளவுதான்."

வசிலேயின் வீட்டுக் கதவு திறந்ததும் வினிகர் மணம். வெங்காயத் தோலும் வினிகரும் போட்டு முட்டை அவித்த மணம் அது. அதற்கு மேல் ஆட்டிறைச்சி, வால்நட் வைத்துச் சுட்ட இனிப்புப் பாண்... வசிலேயின் மனைவி டொய்னா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தோளிலிருந்து மணிக்கட்டுவரை கறுப்பும் சிவப்புமாக நூல் வேலை. முட்டைக்கோவா இலைக்குள் இறைச்சியும் அரிசியும் சுற்றி அவித்த சர்மாலேயைச் சுமதி மூன்றாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டாள். 

எங்களுக்கு முன்பே வந்திருந்த ரவி அண்ணைக்கு முன்னால், மேசையில் இரண்டு கிண்ணங்கள். ஒன்றில் எண்ணெய் பூசிப் பளபளத்த வெறும் சிவப்பு முட்டைகள். மற்றதில் மஞ்சளும் கறுப்புமாக மெல்லிய கோடுகள் கீறிய முட்டைகள், ஏறக்குறையக் கோலம்போல. "எதையாவது எடு" என்றார் டொய்னா. நான் சிந்தித்தேன். இவ்வளவு கீறியிருந்தால் கோது நிச்சயம் பலவீனப்பட்டிருக்கும். கோலம் போட்டதையே எடுத்தேன்.

வசிலே எழுந்து, தன் சிவப்பு முட்டையை ஓங்கினார்.

"ஹ்றிஸ்தோஸ் ஆ இன்வியாத்!" கிறிஸ்து உயிர்த்தார்.

"அதெவரத் ஆ இன்வியாத்" என்றேன், ரவி அண்ணை சொல்லித்தந்தபடி. உண்மையாகவே உயிர்த்தார். நல்லூர்க் கந்தன் என்னை மன்னித்திருப்பார்.

படக்.

வசிலேயின் முட்டை உடைந்தது. அவர் அதைத் திருப்பி மறுபக்கத்தால் மோதினார். அதுவும் உடைந்தது. டொய்னா மோதினார், உடைந்தது. ரவி அண்ணை மோதினார், அவருடையது நொறுங்கியே போனது.

ரவி அண்ணை முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டு பல்லுக்குள்ளால் சொன்னார்: "எடேய், உனக்கென்ன விசரோ? தோக்கவெல்லோ சொன்னனான்!"

"தோக்கத்தான் அண்ணை பாக்கிறன். உது உடையுதில்லை!"

"அமத்திப் பிடியன்ரா!"

"அமத்தித்தான் பிடிச்சிருக்கிறன்!"

சுமதி சர்மாலேயிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "கைதவறின மாதிரி நிலத்தில போடுங்கோவனப்பா."

போட்டேன்.

முட்டை துள்ளியது. மேசைக்குக் கீழே உருண்டு போய், வசிலேயின் சப்பாத்தில் முட்டி நின்றது. அவர் குனிந்து எடுத்து, காதருகே வைத்து நகத்தால் தட்டினார். டொக், டொக். டொய்னா கோலக் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்.

"என் அப்பா கடைந்தது" என்றார் வசிலே, ஆங்கிலத்தில், மிகவும் மெதுவாக. "கோடுகள் அம்மா கீறியது. ஊரிலிருந்து வரும்போது கொண்டுவந்தவை."

பிறகு அவர் முட்டையை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டார்.

"தொட்டாலே தெரியும் என்றாய். சொல். இது என்ன மரம்?"

"ஓக்" என்றேன்.

அது பாஸ்வுட், ஓக்கின் பக்கத்திலும் வராத மென்மரம்.

திரும்பி வரும்போது 401 முழுக்க டொய்னா கட்டித் தந்த இனிப்புப் பாண் மட்டும் பின்சீற்றில் மணத்துக்கொண்டு வந்தது...

இன்று என் மகள் என்னை விட உயரம். வசிலேயும் டொய்னாவும் ருமேனியாவுக்கே திரும்பிவிட்டார்கள். பட்டறையை வாங்கியவர்கள் அலுமாரிகளைத் துண்டுகளாகப் பெட்டியில் இறக்கிப் பொருத்தி விற்கிறார்கள். மரக்கோடுகள் கடதாசியில் அச்சடித்து ஒட்டப்பட்டவை, ஒவ்வொரு கதவிலும் ஒரே இடத்தில் ஒரே கணு. தொட்டுப் பார்ப்பதற்கு அங்கே இப்போது மரம் இல்லை. ஆனால் யாராவது வினிகர்ப் போத்தலைத் திறந்தால் இன்றும் என் உள்ளங்கை வியர்க்கிறது...

அந்தத் திங்கட்கிழமை காலை என் வேலை நிரந்தரமானது. பெயின்ற் அடிக்கும் பகுதியில்.