ரயிலில் தொடங்கிய நாவல்

ஸ்மில்யா வண்டியை நடுச்சாலையில் நிறுத்தினாள். பின்னால் வந்த ரொட்டி வேன் ஹாரன் அடித்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“எறங்கு.”

நான் இறங்கவில்லை. என் மடியில் ஒரு கனத்த தாள்கட்டு இருந்தது. அவளுடைய முதல் நாவல். இரண்டு வாரமாக அதைப் படித்துவிட்டு, ரயிலில் தொடங்கும் முதல் மூன்றில் ஒரு பங்கு வேண்டாம் என்று அப்போதுதான் சொல்லியிருந்தேன்.

“பதினோரு வருஷமா எழுதினேன். தெரியுமா ஒனக்கு?”

“தெரியும். படிக்கிறவன் அதக் கேக்கமாட்டான்.”

வேன்காரன் எங்களைச் சுற்றிக்கொண்டு போனான். போகிற போக்கில் ஜன்னல் வழியாக, “டிரைவிங் சொல்லிக் குடுக்கிற லட்சணத்தப் பாரு!” என்று கத்தினான். சொம்போர் நகரத்தில் பாதிப் பேர் அவளிடம்தான் வண்டி ஓட்டக் கற்றார்கள். அந்த வேன்காரனும் கற்றிருக்கலாம்.

ஸ்மில்யாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. நான் இருக்கும் கட்டடத்தில் எனக்கு மேல்மாடியில் இருக்கிறாள். நான் பள்ளியில் மெய்யியல் சொல்லிக்கொடுக்கிறேன், அதனால் அவளுக்கு நான் ‘வாத்தியாரு’. எதையும் எளிதில் பாராட்டாதவன் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயருக்காகவே அவள் என்னிடம் வந்தாள்.

எங்கள் ஊரில் தன் கைக்காசில் புத்தகம் போடுகிறவர்கள் ஒரு முறையைப் பின்பற்றுவார்கள். முதலில் நூலகத்தில் வெளியீட்டு மாலைக்குத் தேதி வாங்குவார்கள். பிறகு அழைப்பிதழ். பிறகு மதிப்புரையாளர்கள் என்று இரண்டு பேரைப் பிடித்து, அவர்கள் பெயரைப் புத்தகத்துக்குள் அச்சிடுவார்கள். கடைசியாகத்தான் புத்தகத்தை முடிப்பார்கள். மணநாள் குறித்துவிட்டுப் பெண் தேடுவதைப் போல. ஸ்மில்யாவும் அப்படியே செய்திருந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை மாலை வெளியீடு. திங்கள் காலை அச்சகத்தில் லாயோஷ் இயந்திரத்தை ஓட்டத் தொடங்குவார். அவளுடைய அக்கா ஸோர்கா வியன்னாவிலிருந்து வருவதற்கு டிக்கெட் எடுத்தாயிற்று.

முதல் மதிப்புரையாளர் ஸ்வெதிஸ்லாவ், ஊர் இலக்கிய வட்டத்தின் தலைவர். அவருடைய பக்கம் ஒரே நாளில் வந்துவிட்டது. ‘மண்ணின் மணம் கமழும் நினைவுச்சின்னம்’ என்று எழுதியிருந்தார். எந்தப் புத்தகத்தின் பின்னட்டையிலும் அதைப் போட்டுவிடலாம். இரண்டாவது ஆள் நான். ஞாயிற்றுக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.

“ரயில்ல என்ன தப்பு?” என்றாள். வண்டி இன்னும் நடுச்சாலையில்தான் நின்றது. “எங்க தாத்தா நெசமாவே அந்த ரயில்லதான வந்தாரு?”

“எங்க தாத்தாவும்தான் வந்தாரு.”

உலகப் போருக்குப் பின் மலைநாட்டிலிருந்து எங்கள் முன்னோரை ரயிலேற்றிக் கொண்டுவந்து, வேறு யாரோ விட்டுப்போன வீடுகளில் குடியமர்த்தினார்கள். இந்தச் சமவெளியில் எழுத உட்காருகிற ஒவ்வொருவரும் அந்த ரயிலிலிருந்தே தொடங்குகிறார்கள். மரப்பெட்டி, பனி, முதல்முறை சோளக்காட்டைப் பார்த்துக் கடல் என்று நினைக்கும் கிழவர். அந்தச் சோளக்காட்டை நான் குறைந்தது பத்துக் கையெழுத்துப் பிரதிகளில் கடந்திருக்கிறேன்.

ஸ்மில்யாவின் உண்மையான கதை வேறு. தான்யூப் ஆற்றில் பயணப்படகு ஓட்டுகிற ஒருவன் ஒருநாள் அக்கரைக்குப் போய்த் திரும்பவில்லை. படகு மட்டும் இக்கரையில் கட்டிக் கிடக்கிறது. அவன் மனைவி தேடத் தொடங்குகிறாள். அந்தப் பக்கத்தைப் படித்தபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதற்கு முன் மூன்று தலைமுறையையும் இரண்டு கல்யாணத்தையும் தாண்டி வந்திருந்தேன்.

“இதுவரைக்கும் யாரெல்லாம் படிச்சிருக்காங்க?” என்று கேட்டேன்.

“அக்கா. ஸ்வெதிஸ்லாவ். என் பையன். வேலை பாக்குற எடத்துல மிர்யானா.”

“என்ன சொன்னாங்க?”

“அருமைன்னாங்க.”

“எதாவது கேள்வி கேட்டாங்களா?”

அவள் யோசித்தாள். “மிர்யானா கேட்டா. படகுக்காரன் உயிரோட இருக்கானான்னு.”

“ரயிலப் பத்தி?”

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

“ஒண்ணு சொல்லு,” என்றேன். “டெஸ்டுக்குத் தயாராகாத ஒருத்திய, அவ அம்மா வந்து அழுதா அனுப்பிடுவியா?”

“கேக்கு செஞ்சு எடுத்துட்டு வந்திருக்காங்க வாத்தியாரே. கேக்கத் தின்னேன். கையெழுத்துப் போடல.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னதை அவளே கேட்டாள் என்று நினைக்கிறேன். முகம் மாறியது. கியரை மாற்றி, வண்டியை ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினாள். பிறகு முதலில் சொன்னதையே, இந்த முறை மெதுவாக, சொன்னாள்.

“எறங்கு.”

இறங்கினேன். தாள்கட்டை இருக்கையிலேயே விட்டேன்.

அன்று மாலை அவள் லாயோஷின் அச்சகத்துக்குப் போனாள். இதை லாயோஷ் பிற்பாடு எனக்குச் சொன்னார். ஹங்கேரியர், பேச்சுக் குறைவு. முழுவதும் அச்சடிப்பதற்கு முன் ஒரே ஒரு மாதிரிப் பிரதி எடுத்துக் கொடுப்பது அவர் வழக்கம். ஸ்மில்யா நேரமில்லை என்று முதலில் மறுத்திருந்தாள். அவர் கேட்காமல் ஒன்று எடுத்து வைத்திருந்தார்.

அட்டையில் சூரியன் ஆற்றில் மறைந்துகொண்டிருந்தது.

“யாரு செஞ்சா?”

“என் பையன். போன்லயே.”

“எழுத்து ஆத்துல முழுகிப்போச்சு பாரு,” என்றார். “இத எட்ட வச்சுப் பாத்தா பேரு தெரியல. காசு வாங்கிட்டு இத மட்டுமே செய்யிறவங்க இருக்காங்க.”

அவள் அங்கேயே நின்று பக்கங்களைப் புரட்டினாள். திரையில் பார்த்த எழுத்து வேறு, கையில் பிடித்த புத்தகம் வேறு. அச்சில் வந்த வாக்கியம் எழுதியவரைத் தெரியாத மாதிரிப் பார்க்கும். மூன்றாம் அத்தியாயத்தில் ஆற்றில் மூழ்கிச் செத்த சித்தப்பா, பதினான்காம் அத்தியாயத்தில் மேசையில் உட்கார்ந்து பிளம் சாராயம் ஊற்றிக்கொண்டிருந்தார். நான்கு பேர் படித்திருக்கிறார்கள். நான் ஐந்தாவது. அந்தச் சித்தப்பாவை நானும் கவனிக்கவில்லை. அதுவரை வந்தவர்களில் யார் யார் என்று எனக்கே குழம்பியிருந்தது.

“எத்தன போடச் சொன்னேன்?” என்று கேட்டாள்.

“ஐநூறு. நான் அம்பது போடச் சொன்னேன். வேணும்னா மறுபடி போட்டுக்கலாம்னேன். நீ கேக்கல.”

“மிச்சமெல்லாம் என்ன ஆகும்?”

“கட்டிலுக்கு அடியில படுத்துக்கும். ஊருல பாதிக் கட்டிலுக்கு அடியில என் புஸ்தகம் இருக்கு.”

அவள் மாதிரிப் பிரதியை மேசையில் வைத்தாள். “திங்கக்கெழம ஓட்டாதீங்க,” என்றாள்.

சனிக்கிழமை ஸ்வெதிஸ்லாவ் எங்கள் கட்டடத்துப் படிக்கட்டில் மூச்சிரைக்க ஏறி வந்தார். நான் கதவைத் திறந்து வைத்திருந்தேன். மேலே நடந்ததெல்லாம் கேட்டது.

“புத்தகமில்லாம வெளியீடா? வட்டத்துக்கு அவமானம்மா இது! எழுபது பேருக்கு அழைப்புப் போயிருக்கு!”

“வரட்டும்.”

“வந்து?”

“நான் படிக்கிறேன். அவங்க கேக்கட்டும்.”

“ஒனக்கு யாரு இந்தப் புத்தி சொன்னா?” என்று கேட்டுவிட்டுக் கீழே என் கதவைப் பார்த்தார். நான் தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன். உண்மையில் அந்த யோசனையை நான் சொல்லவில்லை. எனக்கு அவ்வளவு துணிச்சல் வந்திருக்காது. இரண்டு நாளாக அவள் என்னோடு பேசவேயில்லை.

வெள்ளிக்கிழமை நூலக அறை நிறைந்திருந்தது. ஒரு மேசையில் உப்பு ரொட்டியும் சாராயமும் இருந்தன. புத்தகம் வைக்க வேண்டிய மேசை காலியாக இருந்தது. வருகிறவர்கள் ஒவ்வொருவரும் அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார்கள். முதல் வரிசையில் ஸோர்கா நீலப் பட்டுடையில் கைப்பையை மடியில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தாத்தாவின் படத்தைச் சட்டம் போட்டு அவளே கொண்டுவந்திருந்தாள். காலி மேசையில் வைக்கவா என்று தங்கையிடம் கேட்டாள். ஸ்மில்யா வேண்டாம் என்றாள்.

ஸ்வெதிஸ்லாவ் எழுந்து, இல்லாத புத்தகத்தை நினைவுச்சின்னம் என்று பேசத் தொடங்கினார். அவரை நிறுத்த எங்கள் ஊரில் யாரும் முயன்றதில்லை. ஸ்மில்யா முயன்றாள்.

“தலைவரே, கொஞ்சம் உக்காருங்க. நான் மொதல் பக்கத்துலேருந்து படிக்கப் போறேன். எங்க சலிப்புத் தட்டுதோ அங்க கையத் தூக்குங்க. அவ்வளவுதான். காரணம் சொல்ல வேணாம்.”

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை என்று கண்டு சிரிப்பு நின்றது.

படித்தாள். ரயில் புறப்பட்டது. பனி பெய்தது. தாத்தா மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்தார். ஒரு கையும் எழவில்லை. எங்களுக்கு மரியாதை என்பது முகத்தை அசைக்காமல் சலிப்பது. அவள் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். நான் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். கை தூக்க வேண்டியவன் நான்தான், எல்லாரும் அதை எதிர்பார்த்தார்கள். அதனாலேயே தூக்க முடியவில்லை. நான் தூக்கினால் அது என் கருத்து. அவள் கேட்டது அதுவல்ல.

அவள் நிறுத்தினாள்.

“வண்டியிலயும் இப்படித்தான். எல்லாம் புரியுது புரியுதுன்னு சொல்லுவீங்க. அப்புறம் நேரா மரத்துல கொண்டுபோய் முட்டுவீங்க. பாபிச், ஒங்களத்தான். ரெண்டு மரம்.”

சிரிப்பு வெடித்தது. பின்வரிசையில் பாபிச், ஓய்வுபெற்ற தபால்காரர், சிவந்துபோய்க் கையைத் தூக்கினார்.

“சரி, சொல்லிடறேன். அந்த ரயிலு எல்லா வீட்லயும் இருக்கு ஸ்மில்யா. எங்கப்பாவும் அதுல ஒக்காந்திருக்காரு. நீயாவது சீக்கிரம் எறங்கு.”

இன்னொரு கை. பிறகு ஐந்தாறு. பிறகு எண்ண முடியவில்லை. ஸோர்கா எழுந்தாள். படத்தை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், தாழ்வாரத்துக்குப் போனாள்.

ஸ்மில்யா அவள் போவதைப் பார்த்தாள். கையிலிருந்த தாள்களை மேசையில் வைத்துவிட்டு அவள் பின்னாலேயே போனாள். கதவு திறந்தே கிடந்தது. அறையில் இருந்த நாங்கள் எல்லாரும் உப்பு ரொட்டியைப் பார்த்துக்கொண்டு கேட்டோம்.

“தாத்தாவ ரயில்லேருந்து தள்ளிட்டியேடீ.”

“அக்கா, தாத்தா எங்கயும் போகல. நம்ம வீட்ல இருக்காரு. இந்தக் கதையில அவருக்கு வேல இல்ல.”

“நான் அத படிச்சு அழுதேன்.”

“நம்ம தாத்தான்னு அழுத. பாபிச் எதுக்கு அழணும்?”

“வெளி ஆளுங்களுக்காகத்தான் எழுதுறியா நீ?”



“ஆமாக்கா,” என்றாள் ஸ்மில்யா. “அப்படித்தான் போலருக்கு. எனக்கே இன்னிக்குத்தான் தெரியுது.”

தெருக்கதவு சாத்தும் ஓசை கேட்டது. ஸ்மில்யா திரும்பி வந்தாள். கண்ணைத் துடைக்கவில்லை. கட்டின் மேற்பகுதியை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, படகு மட்டும் கட்டிக் கிடக்கும் பக்கத்திலிருந்து படித்தாள்.

மனைவி ஆற்றங்கரையில் நடக்கிறாள். படகில் ஈரமில்லாத ஒரு ஜோடிக் காலணி. அவற்றை எடுத்துத் தன் காலில் போட்டுப் பார்க்கிறாள். அறையில் ஒருவரும் ரொட்டியைத் தொடவில்லை. கைகள் மடியிலேயே இருந்தன. பின்னர் ஒரு கனவுக் காட்சி வந்தது. எனக்குத் தெரியும், அவளுக்கு மிகவும் பிடித்த பக்கங்கள் அவை. அங்கே கைகள் எழுந்தன, முதலில் மிர்யானாவின் கை. ஸ்மில்யா பென்சிலால் நீளமாக ஒரு கோடு இழுத்தாள். அந்தக் கோட்டின் ஓசை கடைசி வரிசை வரை கேட்டது. மேற்கொண்டு படித்தாள்.

ஒன்றரை ஆண்டு கழித்துப் புத்தகம் வந்தது. ஐம்பது பிரதிகள், பிறகு இன்னும் ஐம்பது. மெலிந்த புத்தகம். அட்டையைத் தொழில் தெரிந்த ஒரு பெண் செய்திருந்தாள். பெயர் தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே தெரியும். மதிப்புரையாளர் பெயர் ஒன்றுகூட இல்லை. ஸ்வெதிஸ்லாவ் அதை இன்னும் மன்னிக்கவில்லை. அது பெரிய நாவல் இல்லை. முடிவு அவசரமானது. நடுப்பகுதியிலிருந்து ஒரு பக்கத்தைக்கூட வேண்டாம் என்று என்னால் எடுக்க முடியவில்லை. அவ்வளவு சொல்லலாம், அதற்கு மேல் சொன்னால் பொய்.

இப்போது ஊரில் எழுதுகிறவர்கள் அவளைத் தேடிப் போகிறார்கள். அவள் சொல்வது அவர்களுக்குப் பிடிப்பதில்லை. தேதியைக் கடைசியில் வை. உன்னை நேசிக்கிறவர்களிடம் கொடுக்காதே. கொடுத்தாலும் அவர்கள் பாராட்டை எண்ணாதே, கேள்வியை எண்ணு. சத்தம்போட்டுப் படி, தொண்டைக்குப் பிடிக்காத வாக்கியம் கண்ணுக்கும் பிடிக்காது. ஒரு பிரதியைக் கையில் பிடித்துப் பார்க்காமல் இரண்டாவதை அச்சடிக்காதே. போட்ட பணம் திரும்பாது என்று வைத்துக்கொண்டு போடு. “அப்புறம் எதுக்குப் போடணும்?” என்று ஒருவர் கேட்டாராம். “அதுக்கு ஒங்ககிட்ட பதில் இல்லன்னா போடாதீங்க,” என்றிருக்கிறாள்.

முதல் பிரதியை வியன்னாவுக்கு அனுப்பினாள். ஸோர்கா வாங்கிக்கொண்டதாக அஞ்சலகத்தில் சொன்னார்கள். படித்தாளா என்று தெரியவில்லை. கோடைதோறும் அவள் ஊருக்கு வந்துகொண்டிருந்ததும் நின்றுவிட்டது. எடுத்துவிட்ட ரயில் பக்கங்களைத் திரும்பச் சேர்த்தால் அக்கா வருவாளா என்று ஸ்மில்யா ஒருமுறை என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன்.

“அக்கா வர்றதா இருந்தாலும் சேக்கமாட்டேன்,” என்றாள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.