நீலத் தூசி

மாதா கோவில் பெருக்குகிறவளுக்குத் தூசியே பாதி சேதி சொல்லிவிடும். மெழுகுத் தூசி மஞ்சள். செருப்புத் தூசி சாம்பல். செவ்வாய்க்கிழமை காலையில் குவிமாடத்துக்கு நேர் கீழே, தரையில் பதித்த வட்டக் கல்லின் மேல் கிடந்தது நீலம்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். குவிமாடத்தின் உட்பக்கச் சுண்ணாம்புப் பூச்சில் அந்தக் காலத்தில் தீட்டிய படம். மாதாவின் நீல அங்கியில் நகத்தளவு வெள்ளை தெரிந்தது.

சாமியாரிடம் ஓடினாள்.

"போன வருஷம்தானம்மா இன்ஜினியர் பாத்தாரு. மாதா காப்பாத்துவாங்க."

மாதாவே உதிர்றாங்களே சாமி, என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

அவள் கவலையெல்லாம் தம்பியைப் பற்றி. அம்மா போனதும் அவள் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு இடுப்பில் சுமந்து வளர்த்த பிள்ளை. இப்போது கோவிலைச் சுற்றிக் காட்டுகிற வழிகாட்டி. நாளுக்கு நாலு தடவை வந்தவர்களை அந்த வட்டக் கல்லில் நிறுத்தி, "மறுமலர்ச்சிக் காலப் பாணி, தூண்களின் அளவைக் கவனியுங்கள்" என்று கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பான்.

"அங்க நிக்காதடா. மேல உதிருது."

"தரைய நீ பாரு, மேல நான் பாத்துக்கறேன். உன் துடைப்பம் எப்பக்கா டிகிரி வாங்குச்சு?"

வெள்ளிக்கிழமை ஒரு கைப்பிடி நீலம் கிடந்தது. அவள் ஜெபித்தாள். பிறகு ஒரு வாளித் தண்ணீரைக் கல்லின் மேல் கவிழ்த்தாள்.

"என்னக்கா, குளம் வெட்டியிருக்கியா?" தம்பி பல்லைக் கடித்தான். பின்னால் ஏழெட்டுப் பேர்.

"வழுக்கும்டா. ஓரமா நின்னு சொல்லு."

முணுமுணுத்துக்கொண்டே ஓரமாகப் போனான். பழகாத இடம், ஒப்பிக்க வரவில்லை. கண்ணைத் திறந்து மேலே பார்த்தான். "தூண்களின் அள..." என்று நின்றான்.

படத்தில் சிறகு விரித்து நின்ற சம்மனசின் தோளிலிருந்து மாதாவின் அங்கி வழியாக ஒரு விரிசல் கோடு ஓடியிருந்தது.

"எல்லாரும் சத்தம் போடாம வெளிய போங்க," என்றான், மிக மெதுவாக.

அவள் வந்தவர்களை வாசலுக்கு அனுப்பிவிட்டுத் திரும்பினாள். அவன் நகரவே இல்லை. தலைக்கு மேலே காய்ந்த ஓலை கிழிவது போல ஒரு சத்தம்.

"வாடா!"

"அக்கா, மாதா முகம் கூரைய விட்டுப் பிதுங்கி வந்திருக்கு."

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். வாசல் இன்னும் பாதிக் கோவில் தூரத்தில் இருந்தது.