நாகலெட்சுமி பாய்மரம் நிறுத்துகிறாள்

"எடப்பக்கக் கம்பி?"

"இருக்கான்க்கா."

"தொட்டுப் பாத்தீங்களா, சும்மா பாத்தீங்களா?"

மஸ்கெலியா நீர்த்தேக்கக் கரை. பாதி தண்ணீரில் இறங்கி நின்ற டிரெய்லரில் ஒரு சின்னப் படகு. அதற்கு முன்னால் நின்று நாகலெட்சுமி, பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளின் ஆணிகளுக்குப் பேர் கூப்பிட்டுப் பெரட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். பாய்மரம் நிமிர்ந்துவிட்டது. ஆனால் அது பின்னால் சாயாமல் நிற்பது அவள் முதுகைச் சுற்றி வந்த கயிற்றால்தான். முப்பது வருஷம் தேயிலைக் கொழுந்து சுமந்த முதுகு. இப்போது படகுத்துறையில் வேலை.

ஆணி மாட்டிப் பதில் சொன்னவன் கோகுலராஜ்; படகும் அவனுடையது. ஹட்டனில் புடவைக்கடைக் குடும்பம். "ஒண்ணும் ஆகாது" என்பது அவன் வாய்ப்பாடு. அதைக் கேட்டாலே நாகலெட்சுமி கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடிப்பாள். போன வருஷம் ஒரு கொழும்புக்காரர் "எல்லாம் சரி" என்று சொல்லிவிட்டு சிகரெட் எடுக்க எழுந்தார். அவர் உட்கார்ந்திருந்த பலகையைப் பாய்மரம் விழுந்து பிளந்தது. இன்று அந்த மாதிரிப் பலகையில் உட்காரப்போகிறவள் கோகுலராஜின் மனைவி நிலக்ஷி. சவுக்கு மரத்தடியில் காத்திருந்தாள்.

வெறும் குரலை நாகலெட்சுமி நம்ப மாட்டாள். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், தோட்ட லயத்து அறையில் படுத்துக் கிடந்த அக்காளுக்காகக் குரலை மாற்றி "இருக்கேங்க" என்று எத்தனையோ முறை சொன்னவள் அவள். கங்காணி ஒருநாளும் தலையை நிமிர்த்திப் பார்த்ததில்லை.

"முன்கம்பி ஆணி?"

"இருக்கான்."

"அவனப் பூட்டுற வளையம்?"

"இருக்கான், இருக்கான்."

இரண்டு முறை சொன்னான். நாகலெட்சுமி கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றிச் சுருக்கியபடி படகின் மூக்குவரை வந்தாள். ஆணி இருந்தது. வளையம் இல்லை.

கோகுலராஜ் சட்டைப்பையைத் தடவினான். "அட, இங்க கெடக்கு."

"பையில படுத்துக்கிட்டே பேர் குடுக்குறாரோ தொர?"

மரத்தடியில் நிலக்ஷி சிரித்துவிட்டாள். அவன் வளையத்தை மாட்டினான். நாகலெட்சுமி அதை நகத்தால் நெம்பினாள், திருகினாள், இழுத்தாள். அசையவில்லை.

"இனி கயித்த விடுங்கக்கா. ஒங்களுக்கு சாமி மேலயே சந்தேகம்."

"சாமி வந்து மாட்டுனாலும் ஆட்டித்தான் பாப்பேன். ஏறுங்க தங்கச்சி."

நிலக்ஷி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு படகில் காலை வைத்தாள். நாகலெட்சுமி ஒரு கையில் கயிற்றை விடாமல் பிடித்திருந்தாள். மற்றக் கையை, அந்தப் பெண் ஏறி முடிக்கும்வரை, அவள் தலைக்கு மேலே தொடாமல் விரித்துப் பிடித்தாள்.