புல்வெளியில் ஒரு பிக்கப்

சவூதியின் ஜுபைல் நகரிலிருந்து மூன்று மணி நேரப் பயணம். மழைக்குப் பிறகு பாலைவனம் கண்ணுக்கெட்டிய தூரம் புல்லாகிக் கிடக்கிறது. என் கணவர் கூடாரம் அடிக்கிறார். நான் கேமராவில் ஃபிலிம் மாட்டுகிறேன்.

ஒட்டகங்களை விரட்டிக்கொண்டு ஒரு பிக்கப் வந்து நிற்கிறது. ஓட்டி வந்தவள் முகம் மூடிய, பாலைவன நாடோடிகளான பதாவி இனப் பெண். நகரத்தில் எந்தப் பெண்ணும் வண்டி ஓட்ட முடியாத நாடு இது. கேமராவை உயர்த்துகிறேன். "ஸூரா மாஃபி" என்று கையை ஆட்டுகிறாள். படம் வேண்டாமாம். இறக்கிவிடுகிறேன்.

எங்கள் காரைக் காட்டி, "நீ ஓட்டுவாயா?" என்று அரபியில் கேட்கிறாள்.

கோயம்புத்தூரில் ஆறு வருடம் ஓட்டினேன், இங்கே விடமாட்டார்கள் என்று தெரிந்த அரபியில் சொல்கிறேன்.

அவள் இறங்கிச் சாவியை நீட்டுகிறாள். "இங்கே உன்னைத் தடுக்க யார் இருக்கிறார்கள்? யல்லா, கிளம்பு."

"வேண்டாம் சுமதி. போலீஸ் கண்ணுல பட்டா விசா கேன்சல் ஆயிரும்" என்கிறார் கணவர்.

"பட்டாப் படட்டுங்க."

ஏறி வண்டியைக் கிளப்புகிறேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். பம்பரில் புல் உரசுகிறது.

"போதும், திருப்பு" என்று பின்னால் கூடாரத்தருகே நின்று இவர் கத்துவது கேட்கிறது.

மூன்றாவது கியருக்கு மாற்றுகிறேன்.