தாடையில்லாத பல்

சாத்தூர்ப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாகச் சேர்ந்த முதல் வருஷம். ஐம்பதுகளின் கடைசி. பிரசவ வார்டுக்கு மாரித்தாய் என்ற பெண்ணை அவள் மாமியார் கூட்டி வந்தார். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிறவள். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து வந்த வயிறு. வளைகாப்பும் முடிந்திருந்தது.

"ரெண்டு நாளா உள்ளுக்குள்ள கடிக்குது, சிஸ்டர்" என்றாள்.

குத்துகிறது, இழுக்கிறது என்பார்கள். கடிக்கிறது என்று யாரும் சொன்னதில்லை. பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கும் மரக்குழலை வயிற்றில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். துடிப்பு எங்குமே இல்லை.

டாக்டரம்மா எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். ஈர ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பிள்ளை இருந்தால் மண்டை தெரியும், முதுகெலும்பு தெரியும். இரண்டும் இல்லை. இருட்டுக்கு நடுவே வெள்ளையாக நாலைந்து பற்கள். அதில் ஒன்று, பெரியவர்களுக்கு இருப்பது போன்ற கடைவாய்ப் பல்.

"டெர்மாய்டு. சினைப்பையில வளர்ற கட்டி" என்றார் டாக்டரம்மா. "சிலதுல முடி, பல்லெல்லாம் முளைக்கும். முறுக்கிக்கிட்டிருக்கு. இன்னைக்கே எடுக்கணும்."

ஃபிலிமைப் பார்த்த மாமியார் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"இது பேய்க்கரு தாயி. கத்தி வைக்காதீக. இருக்கன்குடி மாரியம்மங்கிட்டக் கூட்டிட்டுப் போறோம்" என்று மருமகளின் கையைப் பிடித்து எழுப்பினார்.

"பிள்ளையே இல்லம்மா, வெறும் கட்டிதான்" என்றேன் நான்.

மாரித்தாய் கட்டில் கம்பியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

"பல்லு இருந்தா வாயி இருக்கணுமே, சிஸ்டர்?"

கேட்டு முடிப்பதற்குள் வலி வந்து சுருண்டுவிட்டாள். "அத்தே, நான் வரல. எடுக்கச் சொல்லுங்க. என்னன்னு பாத்திரணும்" என்றாள். மாமியார் கையை விட்டார்.

ஆபரேஷனில் எடுத்த கட்டி பூசணிக்காய் அளவு இருந்தது. டிரேயில் வைத்துத் திறந்தோம். கொழுப்பு, முழ நீளத்துக்குக் கறுத்த முடி, முடியில் சிக்கிய பற்கள். ஒன்றிலும் தேய்மானம் இல்லை. கழுவும்போது விரலில் சுருக்கென்று குத்தின.

மயக்கம் தெளிந்ததும் அவள் கேட்டாள்: "அளுதுச்சா?"

"இல்லம்மா."

"பேச்சின்னு பேரு வச்சுக் கூப்பிடுவேன். கூப்பிட்டா அசையும்."

அசைவதற்கு அங்கே எதுவும் இருந்ததில்லை. அது எனக்குத் தெரியும். ஆனாலும் என் கண் அவள் வயிற்றுக்குப் போனது.

பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். டாக்டரம்மாவிடம் கேட்டு, பற்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். கடைவாய்ப் பல்லை விரல் நுனியால் தடவினாள்.

"சோறு திங்கிற பல்லுல்ல இது, பச்சப் பிள்ளைக்கு ஏது?" என்று சொல்லி, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காயம் ஆறி, நல்லபடியாக வீட்டுக்குப் போனாள்.

அதன் பிறகு எந்தப் பெண்ணிடமும் 'வெறும் கட்டி' என்று நான் சொன்னதில்லை. இப்போது வேலைக்கு வரும் நர்ஸ் பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்வேன். எக்ஸ்ரேயில் என்ன தெரிந்தது என்று சொல்வதற்கு முன்னால், வயிற்றில் இருப்பதை அவள் எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள் என்று கேளுங்கள்.